வாவிக்கரைச் செயலி ஆக்குவோருக்கு: படங்களின் பாரம் பற்றி ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து கைபேசி விளையாட்டுகளும் செயலிகளும் ஆக்குகின்ற நிரலாளருக்கும் ஓவியருக்கும்,

கல்லடிப் பாலத்தில் நின்று 12 மெகாபிக்சல் கைபேசிக் கமராவில் எடுத்த வாவிப் படம் ஒன்று 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் உடையது. ஜேபெக் கோப்பாக அது மூன்று நான்கு எம்பிக்குள் அடங்கிவிடும். அதையே ஒரு விளையாட்டின் பின்னணியாக்கித் திரைக்குக் கொண்டுவரும்போது ஜேபெக் சுருக்கம் அவிழ்ந்துவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், அல்பா என்று பிக்சல் ஒன்றுக்கு நான்கு பைட் வீதம் நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கிறது. படம் சிறிதாகத் தெரியும் இடங்களுக்கென விளையாட்டு இயந்திரம் செய்துகொள்ளும் மிப்மேப் பிரதிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 64 எம்பி ஆகும். 2 ஜிபி ரேம் உள்ள கைபேசியில் இயங்குதளமும் மற்றச் செயலிகளும் எடுத்தது போக எஞ்சும் இடத்தில்தான் விளையாட்டு ஓட வேண்டும். நினைவகம் முட்டும்போது அன்ட்ரொயிட் முதலில் பின்னால் கிடக்கும் செயலிகளை மூடும். அதுவும் போதாவிட்டால் முன்னால் ஓடுவதையே மூடிவிடும். விளையாடுபவரின் கண்ணுக்கு விளையாட்டு தானாக வெளியே போய்விட்டது. நிரலாளர் வரிவரியாகப் பிழை தேடிக்கொண்டிருப்பார். பிழை படத்தில் இருக்கும்.

ஆகவே படத்துக்கு இரண்டு பாரங்கள் உண்டு. ஒன்று கோப்பின் பாரம்: பதிவிறக்க நேரம், டேட்டாச் செலவு, கைபேசியின் சேமிப்பிடம் ஆகியவை அதைப் பொறுத்தவை. மற்றது நினைவகப் பாரம். ஒன்றைக் குறைக்கும் வழி மற்றதைக் குறைப்பதில்லை என்பதுதான் அதிகம் மறக்கப்படும் உண்மை. பிஎன்ஜி படத்தை பிஎன்ஜிகுவான்ட் என்ற கருவியில் கொடுத்தால் நிறங்களை 256க்குள் அடக்கித் தரும். கோப்பு பெரும்பாலும் பாதிக்கும் கீழே வந்துவிடும். நினைவகத்தில் ஏறும்போது அதே பழைய அளவுதான். நினைவகப் பாரம் இறங்குவதற்கு மூன்று வழிகளே உள்ளன: பிக்சல்களைக் குறைப்பது, நிறவழிகளையோ அவற்றுக்கான பிட்களையோ குறைப்பது, வரைகலைச் சில்லு அவிழ்க்காமலே படிக்கக்கூடிய சுருக்க வடிவத்தில் கொடுப்பது. படத்திருத்தத்தின் மற்ற நுட்பங்கள் எல்லாம் இந்த மூன்றுக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேருகின்றன, சேராதவை அழகுக்கானவை.

முதலில் நீர்ப்பரப்பு. இந்தப் பகுதியைக் களமாகக் கொண்ட எந்த விளையாட்டிலும் திரையின் பெரும்பங்கு தண்ணீராகத்தான் இருக்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி அது. 1080க்கு 2400 பிக்சல் திரை முழுவதற்கும் ஒரே நீர்ப்படம் வைத்தால் 10 எம்பிக்கு மேல் போகும். 512க்கு 512 பிக்சல் கொண்ட சதுரத் துண்டொன்றைத் தைத்த இடம் தெரியாமல் நான்கு பக்கமும் ஒட்டிப்போகச் செய்து, அதையே திரும்பத் திரும்பப் பரப்பினால் 1 எம்பி. பரப்பு எவ்வளவு பெரிதானாலும் அதே 1 எம்பிதான்.

அந்தத் துண்டைச் செய்வதில் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கரையில் நின்று சரிவாக எடுத்த படத்தில் காலடித் தண்ணீர் இருட்டாகவும் தூரத்துத் தண்ணீர் வானத்தைப் பிரதிபலித்து வெளிறியும் இருக்கும். அப்படிப்பட்ட படத்தைப் பரப்பினால் பாய் விரித்ததுபோல் பட்டை பட்டையாகத் தெரியும். பாலத்தின் மேலிருந்து கமராவை நேர் கீழே பிடிப்பது நல்லது. சூரியன் தண்ணீரில் தெறிக்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்த நாட்களில் வாவி கலங்கலாக இருக்கும். அப்போது எடுத்தால் அலைக்கோடுகளின் அழுத்தம் குறைந்துபோகும். மேகம் மூடிய பகலின் மென்மையான வெளிச்சமே இந்த வேலைக்கு உகந்தது, காண்பதற்கு அது எவ்வளவு சோபையற்றதாக இருந்தாலும்.

படம் கணினிக்கு வந்தபின் சதுரமாக வெட்டி, ஹைபாஸ் வடிகட்டியைப் பயன்படுத்திப் பெரிய ஒளி வேறுபாடுகளை நீக்க வேண்டும். சிற்றலைகள் மட்டும் எஞ்சும். அடுத்தது ஒஃப்செட். ஜிம்பில் லேயர் பட்டியலின் உருமாற்றப் பகுதியிலும், போட்டோஷொப்பில் வடிகட்டிகளின் 'மற்றவை' பகுதியிலும் அது இருக்கிறது. அகலத்திலும் உயரத்திலும் சரிபாதி நகர்த்தினால் நான்கு ஓரங்களும் படத்தின் நடுவே வந்து சிலுவைக்கோடாகத் தெரியும். புதிய ஓரங்களோ ஏற்கெனவே ஒன்றோடொன்று பொருந்திவிட்டன, ஏனென்றால் அவை மூலப்படத்தில் அடுத்தடுத்து இருந்த பிக்சல்கள். குளோன் கருவியாலும் ஹீலிங் தூரிகையாலும் நடுச்சிலுவையை மட்டும் மறைத்தால் போதும். தூரிகை ஓரத்தைத் தொடக்கூடாது. பிறகு இன்னொருமுறை பாதி நகர்த்திப் பார்த்துச் சரிபார்க்கலாம். இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். தையல் மறைந்தபின்னும் ஒரு குறை இருக்கும்: துண்டுக்குள் தனித்துத் தெரியும் ஒரு வெள்ளைத் தெறிப்போ மிதக்கும் சல்வீனியா இலையோ இருந்தால், பரப்பியதும் அது அணிவகுத்து நிற்கும். மூன்றுக்கு மூன்றாகப் பரப்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் உடனே பிடிபடும். அவற்றை அழித்துவிட்டு, அத்தகைய சிறு பொருட்களைத் தனி ஸ்பிரைட்டாக அங்கங்கே தூவுவதுதான் முறை.

இந்தத் துண்டைச் சாம்பல்நிறமாகவே வைத்துக்கொள்வது மேலும் சிக்கனம். பிக்சலுக்கு நான்கு பைட் இருந்த இடத்தில் ஒரு பைட் போதும். 1 எம்பி 256 கேபி ஆகிறது. நிறத்தை விளையாட்டு இயந்திரமே ஓடும் நேரத்தில் பூசும். யூனிட்டியிலும் கொடோவிலும் ஸ்பிரைட்டுக்கு நிறம் பெருக்கும் வசதி உண்டு. விடியலின் செம்மஞ்சள், மதியத்தின் பச்சைநீலம், படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்கும்போது வரும் செப்புநிறம் எல்லாவற்றுக்கும் ஒரே துண்டு. காலை, மாலை, இரவு என்று மூன்று தனிப் படங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியரின் உழைப்பு இந்த இடத்தில் வீண்.

தண்ணீருக்கு மேல் வருபவை வெட்டியெடுக்கும் உருவங்கள்: தோணி, கொக்கு, கண்ணா மரம், மீனவர். வெட்டியெடுத்த உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் தெரிவது அடிக்கடி காணும் குறை. வெளிச்சமான தண்ணீரின் முன் எடுத்த தோணியின் விளிம்புப் பிக்சலில் பாதி மரமும் பாதி தண்ணீரும் கலந்திருக்கும். அதை இருண்ட கண்ணாக் காட்டின் முன் வைத்தால் அந்தப் பாதித் தண்ணீர் ஒளிவட்டம்போல் மிதக்கும். மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே ஒடுக்குவதும், விளிம்பின் நிறத்தை உள்ளிருக்கும் நிறத்தால் மாற்றுவதும் இதற்கு மருந்து. உருவத்தை அழிப்பானால் அழித்து வெட்டாமல் லேயர் மாஸ்க்கால் மறைத்து வெட்டியிருந்தால் இந்தத் திருத்தம் இரண்டு நிமிட வேலை. அழித்திருந்தால் முழுவதும் மறுபடி.

வெள்ளை ஓரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஓவியரின் கணினியில் தெரியாது. முழுதும் ஒளிபுகும் பிக்சலுக்கும் ஒரு நிறம் சேமிக்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் வெள்ளை அல்லது கறுப்பு. விளையாட்டு இயந்திரம் படத்தைச் சிறிதாக்கும்போதோ சுழற்றும்போதோ பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து கணக்கிடுகிறது. மறைந்திருந்த வெள்ளை அப்போது விளிம்பில் கசிகிறது. ஏற்றுமதி செய்யும்போது விளிம்பு நிறத்தை ஒளிபுகும் பகுதிக்குள்ளும் சில பிக்சல் தூரம் பரப்பிவிட வேண்டும், அல்லது நிறத்தை அல்பாவால் முன்கூட்டியே பெருக்கிய வடிவத்தில் சேமிக்க வேண்டும். யூனிட்டியின் இறக்குமதி அமைப்பில் முதல் வழிக்கு ஒரு பெட்டியைத் தெரிவு செய்தாலே போதும். இரண்டாவது வழியைத் தெரிவு செய்தால் இயந்திரத்தின் கலப்பு முறையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்; மாற்றாவிட்டால் கறுப்பு ஓரம் வரும்.

வீச்சுவலையை எவரும் கையால் வெட்டியெடுக்க முயலக்கூடாது. ஆயிரக்கணக்கான கண்களைக் கொண்ட வலையில் மௌசைப் பிடித்துச் சுற்றுவது பொறுமைக்குத் தண்டனை. வலை வானத்தில் விரியும் கணத்தில் தாழ இருந்து எடுத்த படம் கிடைத்தால் வேலை எளிது. படத்தின் நீல நிறவழியை மட்டும் தனியே பார்த்தால் வானம் வெளிச்சமாகவும் வலைநூல் இருட்டாகவும் இருக்கும். அந்த நிறவழியின் பிரதியொன்றைத் தலைகீழாக்கி, லெவல்ஸ் கருவியால் வானத்தை முழுக்கறுப்புக்கும் நூலை வெள்ளைக்கும் தள்ளினால் அதுவே மாஸ்க் ஆகிவிடும். அடுத்து ஒரு சிறு தந்திரம்: மாஸ்க்கின் பின்னால் அசல் படத்தை வைக்காமல் நூலின் நிறத்தில் ஒரு வெறும் நிறப்பரப்பை வைத்தால் வானத்தின் நீலம் ஓரத்தில் ஒட்டிவர வழியே இல்லை. நிழலும் மேடுபள்ளமும் போய்விடும் என்று சிலர் தயங்குவார்கள். திரையில் இரண்டு பிக்சல் தடிப்பில் வரப்போகும் நூலில் அவை தெரியப்போவதில்லை.

கட்டடங்களில் திரும்ப வரும் உறுப்புகளைக் கண்டுபிடிப்பதே வேலை. வெள்ளைக்காரர் காலத்துப் பழைய கல்லடி இரும்புப் பாலம் இதற்கு வாகான உதாரணம். ஒரே மாதிரியான இரும்புச் சட்டகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சட்டகம் வரைந்தால் பாலம் முழுவதும் வரைந்தாயிற்று. அந்தச் சட்டகமும் இடம் வலம் ஒத்தது, ஆகவே பாதி வரைந்து கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினாலே போதும். ஒரே சட்டகம் திரும்ப வருவது தெரியாமலிருக்கத் துருக்கறை, உதிர்ந்த வண்ணம் போன்றவற்றைச் சிறு ஒட்டுப் படங்களாக அங்கங்கே வைக்கலாம். புளியந்தீவுக் கோட்டைச் சுவருக்கும் இதே முறைதான்: போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய அந்தக் கோட்டையின் சுவருக்கு ஒரு கல்துண்டுப் பரப்பும், மூலைக்கு ஒரு படமும், பாசிக்கும் வெடிப்புக்கும் நாலைந்து ஒட்டுகளும் வேண்டும். 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்துக்கு இவ்வளவும் வேண்டியதில்லை, அது நேர்கோடுகள்.

அசைவுப் படங்களில்தான் நினைவகம் அதிகம் கரைகிறது. வடமோடிக் கூத்தரின் ஆட்டத்தை 512க்கு 512 பிக்சலில் 24 சட்டங்களாக வரைந்தால் ஓர் ஆட்டத்துக்கே 24 எம்பி. தலை, கை, கால், உடல் என்று உறுப்புகளாகப் பிரித்து எலும்புச்சட்டத்தில் பொருத்தி ஆட்டினால் ஒரு படத்தின் இடத்துக்குள் எத்தனை ஆட்டமும் அடங்கும். ஸ்பைன் என்ற கட்டண மென்பொருளும், யூனிட்டி, கொடோ இரண்டிலும் உள்ளிணைந்த வசதிகளும் இதைச் செய்கின்றன. ஆனால் கூத்தில் இந்த முறை ஓரிடத்தில் தோற்கும். வட்டக்களரியில் கூத்தர் சுழலும்போது கரப்புடுப்பின் முன்பக்கம் பின்பக்கமாக மாறுகிறது. தட்டையான துண்டைச் சுழற்றி அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர முடியாது. உடுப்புக்கு மட்டும் எட்டுச் சட்டங்களைத் தனியே வரைந்து, மேலுடலையும் கைகளையும் எலும்புச்சட்டத்தில் விடுவது நியாயமான சமரசம். மினுங்கும் ஆடை அணிகளைச் சட்டத்துக்குச் சட்டம் வரையாமல் ஒரு சிறு ஒளிப்புள்ளி ஸ்பிரைட்டை மேலே மின்னவிட்டால் ஓவியருக்கும் ஆறுதல், கைபேசிக்கும் ஆறுதல்.

இப்படிச் சேர்ந்த துண்டுகளை ஒரு பெரிய படத்துக்குள் நெருக்கி அடுக்குவது அட்லஸ். வரைகலைச் சில்லு ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் வரைதல் கட்டளை புதிதாகப் பிறக்கிறது. அறுபது ஸ்பிரைட்டுகள் அறுபது கோப்புகளாக இருந்தால் அறுபது கட்டளை வரை போகலாம். ஒரே அட்லஸில் இருந்தால் ஒன்றிரண்டில் முடியும். அடுக்கும்போது ஒவ்வொரு துண்டைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட வேண்டும். துண்டுகளுக்கிடையே இரண்டு பிக்சல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கொக்கின் காலில் தோணியின் நிறம் கசியும். நீளமும் அகலமும் 1024, 2048 என்று இரண்டின் அடுக்காக இருப்பது பாதுகாப்பு. அந்த அளவைக் கட்டாயமாகக் கேட்கும் சுருக்க வடிவங்களும் பழைய சில்லுகளும் உண்டு, அங்கே 1025 பிக்சல் அகலமான படம் 2048 ஆக ஊதப்படும். அட்லஸில் அதிகம் நடக்கும் தவறு வேறு. பட்டியல் திரையின் பொத்தான்களையும் மூன்றாம் கட்டத்தின் முதலையையும் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். ஒரு பொத்தானுக்காக முழு அட்லஸும், அதாவது 2048 சதுரத்தில் 16 எம்பி, நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். காட்சிக்கு ஒரு அட்லஸ் என்பதே சரியான பிரிவு.

அட்லஸ் ஆயத்தமானபின் சில்லு நேரடியாகப் படிக்கும் சுருக்கம். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் நிலையான பைட் அளவுக்குள் அடைப்பது இதன் அடிப்படை. அளவு நிலையாக இருப்பதால் சில்லுக்குத் தேவையான கட்டம் எங்கே இருக்கிறது என்று உடனே தெரியும். முழுப் படத்தையும் அவிழ்க்க வேண்டியதில்லை. ஓபன்ஜிஎல் இஎஸ் 3.0 உள்ள எல்லாக் கைபேசிகளும் இடிசி2 வடிவத்தைப் படிக்கும். அல்பாவோடு பிக்சலுக்கு 8 பிட், அல்பா இல்லாமல் 4 பிட். 16 எம்பி அட்லஸ் அதில் 4 எம்பி ஆகும். ஏஎஸ்டிசி அதைவிட நெகிழ்வானது. கட்டம் எந்த அளவாக இருந்தாலும் 16 பைட்தான், கட்டத்தின் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 4×4 கட்டத்தில் அதே அட்லஸ் 4 எம்பி, 6×6இல் ஏறக்குறைய 1.8 எம்பி, 8×8இல் 1 எம்பி. பொத்தான்களுக்கும் முகங்களுக்கும் 4×4, மற்ற உருவங்களுக்கு 6×6, தூரத்துப் பின்னணிக்கு 8×8 என்று தொடங்கி, கண்ணால் பார்த்துத் தேவையானதை மட்டும் உயர்த்துவது நல்ல வழக்கம். ஐபோனில் 2014இல் வந்த ஐபோன் 6 தொடக்கம் ஏஎஸ்டிசி இருக்கிறது. அன்ட்ரொயிட் பக்கம் பழைய மலிவுக் கைபேசிகளையும் எட்ட வேண்டுமானால் இடிசி2 கைகொடுக்கும்.

கட்டச் சுருக்கம் சறுக்கும் இடம் மென்மையான நிறமாற்றம். வாவியில் பாடுமீனின் ஒலி கேட்கும் நிலாக்கால இரவை வரைந்தால் வானம் கருநீலத்திலிருந்து சாம்பல்நீலத்துக்கு மெல்ல மாறும். சுருக்கியபின் அது படிப்படியான பட்டைகளாக உடையும். கட்டத்தைச் சிறிதாக்கினாலும் முழுதாகத் தீராது. இப்படிப்பட்ட வானத்தைப் படமாகவே வைக்காமல், ஒரு செவ்வகத்தின் நான்கு முனைகளுக்கும் நான்கு நிறம் கொடுத்து இடையில் உள்ளதைச் சில்லையே கணக்கிடச் செய்யலாம். படத்தின் நினைவகப் பாரம் சுழியம். எஞ்சும் பட்டைகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு இரைச்சல் தூவி மறைக்கலாம். இரவுக் காட்சிகளைக் கடற்கரை வெயிலில் பிடித்தும் பார்க்க வேண்டும். அறைக்குள் மனதைக் கவர்ந்த கருநீலம் கல்லடிக் கடற்கரையில் வெறும் கறுப்புக் கண்ணாடியாகத் தெரியும்.

விளையாட்டு அல்லாத செயலிகளுக்கு, மீன்விலை காட்டுவதோ விடுதி காட்டுவதோ எதுவாயினும், அட்லஸ் வேண்டியதில்லை. படங்களை வெப்பி வடிவத்தில் வைப்பதும் காட்டும் அளவுக்கே அவிழ்ப்பதும் போதும். கூகிள் 2010இல் அறிமுகம் செய்த வெப்பியை இழப்புச் சுருக்கத்தோடு அன்ட்ரொயிட் 4.0 முதலும், ஒளிபுகும் படங்களாக 4.3 முதலும் படிக்க முடியும். 4000க்கு 3000 படத்தை எட்டில் ஒரு பங்காக அவிழ்க்கச் சொன்னால் 500க்கு 375 ஆகி, 48 எம்பிக்குப் பதில் முக்கால் எம்பி. கிளைட், கொயில் போன்ற நூலகங்கள் கேளாமலே இதைச் செய்கின்றன.

தமிழ் எழுத்துப் படத்துக்குள் போகும்போது தனிச் சிக்கல்கள் வருகின்றன. இலங்கையில் அச்சு வேலையிலிருந்து வந்த வடிவமைப்பாளர் பலரின் கை இன்னும் பாமினியில் பழகியிருக்கிறது. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. படமாகப் பதிந்தால் வேறுபாடு தெரியாது. அதே வாசகத்தை நிரலுக்குள் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோட் எழுத்துருவிலும் போட்டோஷொப்பின் பழைய பதிப்புகள் கொம்பையும் காலையும் பிரித்துப் போடும். அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துமுறையைத் தெரிவு செய்தபின்தான் 'கொ' ஒழுங்காக நிற்கும். ஜிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. விளையாட்டு இயந்திரங்களில் கொடோ 4 தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. யூனிட்டியில் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ உயிர்மெய் உருவங்களை இடம்மாற்றிக் கோப்பதில்லை. அதனால்தான் பலர் எல்லா வாசகத்தையும் படமாக்கிவிடுகிறார்கள்.

அதற்குரிய விலை பெரிது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வரும் செயலியில் ஒவ்வொரு பொத்தானும் மூன்று படமாகும். ஒரு சொல் மாறினால் மூன்றையும் மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். படத்தைப் பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் முதலில் மறைவது புள்ளி. 16 பிக்சல் உயர எழுத்தில் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல். அதுவும் சிறிதாக்கும்போது அயல் நிறத்தோடு கரைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடுகிறது. ஜேபெக்கின் 8×8 கட்டச் சுருக்கம் எஞ்சியதையும் மங்கச் செய்யும். எழுத்தைப் படமாக்கியே தீர வேண்டிய இடத்தில், முதலில் படத்தை இறுதி அளவுக்குக் கொண்டுவந்து அதன்மேல் எழுத்தை அந்த அளவிலேயே இட வேண்டும். கோப்பு பிஎன்ஜியாகவோ இழப்பற்ற வெப்பியாகவோ இருக்க வேண்டும். விளையாட்டின் தலைப்பு ஒன்றைத் தவிர வேறெதற்கும் இது அவசியமாக இருக்கக்கூடாது.

வாசகம் படத்துக்கு வெளியே போய்விட்டால் பொத்தான் வெறும் தட்டாகிறது. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. 'விளையாடு' என்பதற்கும் 'அமைப்புகளை மாற்று' என்பதற்கும் ஒரே தட்டைப் பயன்படுத்த ஒன்பது துண்டு முறை உதவும். நான்கு மூலைகளும் நீளாமல் நிற்க, ஓரங்கள் ஒரு திசையில் மட்டும் நீள, நடு எப்படியும் நீளும். வட்ட மூலைகளுள்ள 48 பிக்சல் சதுரப் படம் ஒன்று திரை அகலத் தட்டுக்கும் போதும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழிகளும் வருவதால் தட்டின் உள்விளிம்பை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிகமாக விட வேண்டும்.

சின்னங்களைக் கோட்டுரு வடிவத்தில், எஸ்விஜியாக வரைவதே நல்லது. அன்ட்ரொயிட்டின் அடர்த்தி வகுப்புகள் அடிப்படையின் 1.5, 2, 3, 4 மடங்கு எனப் போகின்றன. 48 அலகுச் சின்னம் 48, 72, 96, 144, 192 பிக்சலாகத் தேவைப்படும். கோட்டுருவாக இருந்தால் ஒரே கோப்பு. 200 அலகுக்கு மேற்பட்ட பெரிய சித்திரங்களுக்கு மட்டும் பிக்சல் படம் விரைவாக வரையப்படும்.

இவ்வளவையும் கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் இரண்டாம் பதிப்பு வெளிவரும் முன் ஓவியர் ஓடிவிடுவார். லேயர்கள் குலையாத மூலக்கோப்பு ஒன்று இருக்க வேண்டும். அதிலிருந்து மற்ற எல்லாம் கட்டளைக் கோப்பால் பிறக்க வேண்டும். இமேஜ்மேஜிக் இதற்கு நெடுங்காலம் நின்று பயன்படும் இலவசக் கருவி. அதன் மொக்ரிஃபை கட்டளையில் வெளியீட்டுக் கோப்புறையைக் குறிப்பிடாவிட்டால் மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. படத்தோடு ஒட்டிவரும் தகவல்களை நீக்கும் ஆணையும் கட்டாயம் சேர வேண்டும், ஏனெனில் கைபேசிப் படங்களில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி பதிந்திருக்கும். மீனவரின் வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தோடு அவர் வீட்டு முகவரியும் செயலிக்குள் போய்விடக்கூடாது. ஆனால் அந்த ஆணை நிறக்குறிப்பையும் திசைக்குறிப்பையும் சேர்த்தே நீக்கும். ஆகவே முதலில் எஸ்ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றி, திசையைச் சரிசெய்து, அதன்பிறகுதான் நீக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால் ஐபோனில் எடுத்த படங்கள் நிறம் மங்கியும் சில படங்கள் பக்கவாட்டில் படுத்தும் வரும்.

கோப்புப் பெயர் சின்ன விடயம்போலத் தெரியும். அன்ட்ரொயிட் வளக்கோப்புறையில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் ஏற்கப்படாது. ஒரு பேரெழுத்து இருந்தாலும் தொகுப்பு நின்றுவிடும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியமும் கூத்தும் பயின்றவர் வரைய, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி பயின்றவர் நிரலெழுதும் கூட்டு இங்கே இயல்பாக அமையக்கூடியது. பெயரிடும் முறை, இறுதிப் பிக்சல் அளவு, உருவத்தின் ஊன்றுபுள்ளி எது ஆகிய மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் வைத்துக்கொண்டால் பிந்திய சண்டைகளில் பெரும்பகுதி எழாது.

கடைசியாகக் கடைப் படங்கள். கூகிள் பிளேக்கு 512 பிக்சல் சதுரச் சின்னமும் 1024க்கு 500 பிக்சல் முகப்புப் படமும், அப்பிள் கடைக்கு ஒளிபுகும் பகுதியே இல்லாத 1024 சதுரச் சின்னமும் வேண்டும். அன்ட்ரொயிட் 8 முதல் சின்னத்தை வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டுவது கைபேசியின் விருப்பம். 108 அலகுப் பரப்பில் நடுவிலுள்ள 66 அலகு வட்டத்துக்குள் வருவதே எந்தக் கைபேசியிலும் தப்பும். முகப்புப் படத்தையும் திரைக்காட்சிகளையும் மொழிக்கு மொழி வேறாக ஏற்றலாம். கூகிள் பிளேயின் மொழிப் பட்டியலில் சிங்களம் இலங்கையின் பெயரோடு இருக்கிறது, தமிழ் இந்தியாவின் பெயரோடு இருக்கிறது. தமிழ் முகப்புப் படத்தை அந்த இந்தியத் தமிழ்ப் பகுதியிலேதான் ஏற்ற வேண்டும். மட்டக்களப்பில் தமிழில் வைத்த கைபேசிக்கும் அங்கிருந்துதான் அது வரும்.